கிராணி வீட்டு மதர்போர்டு

தோட்டத்து ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி அமிர்தலிங்கம் வீட்டிலேயே சொந்தமாகக் கம்ப்யூட்டர் கட்டப் போகிறார் என்ற செய்தி எட்டியபோது, ரஞ்சிதம் தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கும் இயந்திரத்தின் அடியில் தூள் கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நின்று சிரித்தாள். டைப்ரைட்டரில் ரிப்பன் மாற்றத் தெரியாமல், விரலெல்லாம் மசியோடு ஆபீஸ் வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிற மனிதர் அவர்.

அது எண்பத்தாறாம் வருஷம். தோட்டம் மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே இருந்தது. கிராணிக்கு இந்த ஆசையைக் கிளப்பிவிட்டவர் தோட்டத்து மேனேஜராக வந்த புதுத் துரை ராமையா. செர்டாங் விவசாயப் பல்கலைக்கழகத்தில் படித்து வந்த இளவயதுக்காரர். படிக்கிற காலத்தில் டவுனில் வீடியோ கேம் கடையே கதியென்று கிடந்ததாக ஒரு நாள் ஆபீஸில் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். டிவியோடு இணைத்து விளையாடும் கம்ப்யூட்டர் ஒன்றைக் கட்டி, துரையைச் சாப்பாட்டுக்கு அழைத்து, அதன் முன்னால் உட்கார வைப்பது என்று கிராணி முடிவு கட்டிவிட்டார். கடையில் முழுதாக விற்பதை வாங்க அவருக்கு மனமில்லை. நானே கட்டினேன் என்று சொன்னால்தானே துரை புருவத்தைத் தூக்குவார்.

ரஞ்சிதம் சிரித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இந்தத் தோட்டத்தில் மதர்போர்டு என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். பதினெட்டு வயதில் பினாங்குக்குப் போய், பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக் தொழிற்சாலை ஒன்றில் ஏழு வருஷம் வேலை செய்தவள். மூன்று வருஷம் மைக்ரோஸ்கோப்பில் கண் பதித்தாள். மிச்ச நாலு வருஷம் சோதனைப் பிரிவில் கெட்டுப்போன சர்க்யூட் பலகைகளைப் பார்த்தாள். போன வருஷம் ஆர்டர் குறைந்ததும் நூறு பேரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு பெட்டியும் ஈயம் பற்றவைக்கிற ஒரு சிறிய சோல்டரிங் கம்பியுமாக தோட்டத் தொழிலாளர் வரிசையில் அண்ணன் முருகையாவின் லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். லோரி ஓட்டுகிற அண்ணன் கிராணியிடம் கெஞ்சித்தான் தூள் கூட்டும் வேலை கிடைத்தது. பினாங்கில் என்ன வேலை பார்த்தாய் என்று கிராணி கேட்கவே இல்லை. கல்யாணம் ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்டார்.

மதர்போர்டுப் பலகையைத் தேர்ந்தெடுத்த அன்று அவள் அங்கே இருந்தது தற்செயல். கிராணியின் மனைவி சாரதா, இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை என்று ஆள் அனுப்பியிருந்தாள். லைனில் ரேடியோ, மின்விசிறி என்று எது கெட்டாலும் ரஞ்சிதத்திடம்தான் வரும். அவள் கிராணி வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து வயரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே ஹாலில் கிராணியும் அவருடைய மைத்துனன் ராதாகிருஷ்ணனும் மேசை மேல் இரண்டு மதர்போர்டுகளைப் பரப்பி வைத்திருந்தார்கள்.

ராதாகிருஷ்ணன் ஈப்போக்காரன். மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவன். அந்த மூன்று மாதத்தை மூன்று டிகிரி மாதிரி சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு குத்திக்கொண்டு திரிந்தான்.

"ரெண்டும் கோலாலம்பூர்லேருந்து கொண்டாந்தேன் மச்சான். கடைக்காரன் நமக்குத் தெரிஞ்சவன். ஒண்ண வச்சுக்கிட்டு ஒண்ணத் திருப்பிக் குடுத்துறலாம்."

ஒன்று பெரியது, பச்சை நிறம், வார்னிஷ் போட்டது போல் பளபளத்தது. கூடுதல் அட்டைகள் சொருக எட்டு ஸ்லாட். மற்றது சின்னது, பழுப்பு நிறம், ஆறே ஸ்லாட். பார்த்தால் யாருக்கும் பிடிக்காது.

கிராணிக்கு வாசலில் பெண் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. விளையாட்டாகக் கூப்பிட்டார். "ஏம்மா, பினாங்குல இதத்தான செஞ்சியாம்? உங்கண்ணன் சொன்னான். வா, வந்து பாரு. எது நல்லாருக்கு?"

ரஞ்சிதம் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். இரண்டையும் திருப்பிப் பார்த்தாள். அரை நிமிஷம் போதுமானதாக இருந்தது.

"பழுப்ப எடுங்கய்யா. இதுல சிப்பு எல்லாத்துக்கும் சாக்கெட் போட்டிருக்கான். ஒண்ணு கெட்டுப்போனா கழட்டிட்டு வேற சொருகிக்கலாம். பச்சையில மெமரிய நேரா பலகையிலயே ஒட்டிட்டான். அடியில பாருங்க, ஈயம் மங்கிப் போய் கெடக்கு. செம்புக் கோடு சூடு பட்டா உரிஞ்சு வரும்."

ராதாகிருஷ்ணன் அக்கா வீட்டுப் பூனை பேசியது போல் அவளைப் பார்த்தான். "சாக்கெட்டுனா லூஸ் ஆகும். ஒட்டுனதுதான் உறுதி. இதெல்லாம் டிசைன் விஷயம். அசெம்பிளி லைன்ல உக்காந்து ஸ்க்ரூ போடுறவங்களுக்குத் தெரியாது."

"எட்டு ஸ்லாட் வேற இருக்கு" என்றார் கிராணி.

"எத்தன அட்ட சொருகப் போறீங்க ஐயா?"

"இப்ப ஒண்ணு. அப்புறம் தேவப்படும்ல?"

அந்த ஒன்றும் தேவையில்லாதது. விளையாட்டுக்கு வேண்டாத கூடுதல் மெமரி அட்டை. அதையும் ராதாகிருஷ்ணன்தான் வாங்க வைத்திருந்தான். பளபளப்பையும் ஸ்லாட்டையும் பார்த்துப் பலகை வாங்குகிறவர்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது? சோபாவில் சாரதா உட்கார்ந்திருந்தாள். சேலை மடிப்புக் கலையாமல், ஷோகேஸில் வைத்த பொம்மை போல. அவள் பார்வை ரஞ்சிதத்தின் கையில் இருந்த பழுப்புப் பலகையின் மேலேயே இருந்தது. இவளுக்கு இதில் என்ன புரியும் என்று நினைத்துக்கொண்டு ரஞ்சிதம் வாசலுக்குத் திரும்பி இஸ்திரிப் பெட்டியை முடித்தாள்.

பச்சைதான் ஜெயித்தது.

அடுத்த இரண்டு வாரம் கிராணி வீட்டில் நடந்ததெல்லாம் தோட்டம் முழுக்கப் பரவியது. கம்ப்யூட்டர் முதல் நாள் ஓடியது. கேசட் போட்டு விளையாட்டை ஏற்றினார்கள். மேலிருந்து பாறைகள் விழ, கீழிருந்து ராக்கெட் சுட்டது. கிராணி அன்றிரவு லைன் வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தாராம். மறுநாள் சாயங்காலம், ராக்கெட் சுட்டுக்கொண்டிருக்கும்போதே, திரை முழுக்கக் கண்டபடி எழுத்துகள் கொட்டி நின்றுவிட்டது. அணைத்துப் போட்டால் மறுபடி அதே எழுத்துகள். ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் ஓடும். பிறகு நின்றுவிடும்.

ராதாகிருஷ்ணன் ஈப்போவிலிருந்து பஸ் ஏறி வந்தான். முதலில் டிவி மேல் பழி போட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் வீட்டு டிவியைத் தூக்கி வரச் செய்தான். பிறகு கேசட் என்றான். தோட்டத்துக் கரண்ட் சரியில்லை என்றான். கடைசியில் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தான்.

"மலப் பனி மச்சான். ஈரம் உள்ள போயிருச்சு. காய வைக்கணும்."

அவர்கள் மதர்போர்டை அடுப்பங்கரைக்கு எடுத்துப்போய், கரி அடுப்புப் பக்கத்தில் முக்காலி போட்டு, கருவாடு காய்வது மாதிரி காய வைத்தார்களாம். தொழிற்சாலையில் இதைக் கேட்ட ரஞ்சிதம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். ஓடி ஓடிச் சூடேறின பிறகு நிற்கிற சாமானை அடுப்பில் வைக்கிறவனை என்னவென்று சொல்வது? பினாங்கில் அவளுக்கு மேலே இருந்த சூப்பர்வைசர்கள்கூட இவ்வளவு முட்டாள்கள் இல்லை. கிடக்கட்டும், எரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

துரையை அழைத்திருந்த ஞாயிறுக்கு ஐந்து நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, அவளுக்குப் பிற்பகல் ஷிப்ட் என்று தெரிந்துகொண்டு, சாரதா மறுபடி ஆள் அனுப்பினாள். இஸ்திரிப் பெட்டியாம்.

போய்ப் பார்த்தால் இஸ்திரிப் பெட்டி நன்றாகச் சூடாகிக்கொண்டிருந்தது.

"உள்ள வா ரஞ்சிதம்" என்றாள் சாரதா. "அவரு ஆபீஸ் போயிட்டாரு. தம்பி சனிக்கெழமதான் வருவான். நீ ஒருவாட்டி பாரு."

"எங்கிட்ட ஏன்மா? உங்க தம்பி பெரிய பாண்டாய், கெட்டிக்காரரு ஆச்சே. அவரு இருக்கும்போது எனக்கு என்ன தெரியும் லா?"

சாரதா அந்தக் குத்தலைக் காதில் வாங்காதவள் போல, மேசை இழுப்பறையிலிருந்து காலண்டர் தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். பின்பக்கம் முழுக்கச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது. தேதி, நேரம், மழையா வெயிலா, எத்தனை நிமிஷம் ஓடியது.

"தெனமும் அவரு போனதும் போட்டுப் பாத்தேன். ஜன்னலத் தொறந்து வச்சா இருவத்தஞ்சு நிமிஷம் ஓடுது. சாத்தி வச்சா பன்னெண்டு. மூடியக் கழட்டிட்டா இன்னும் கொஞ்சம் கூட. தம்பி அடுப்புகிட்ட வச்சு எடுத்த அன்னிக்கு நாலே நிமிஷம்."

ரஞ்சிதம் தாளை இரண்டு முறை படித்தாள். சோதனைப் பிரிவில் இப்படி ஒரு தாளை எழுதிக் கொடு என்று எத்தனை பேரிடம் தொண்டை வற்றக் கத்தியிருப்பாள்.

"இத அவங்ககிட்ட காட்டுனீங்களா?"

"காட்டுனேன். உனக்கு எதுக்கு இந்த வேலன்னு கேட்டாரு." சாரதா கொஞ்சம் நிறுத்தினாள். "நான் சும்மா போட்டுப் பாக்கல. வெளையாடத்தான் போடுவேன். நிக்கிற வரைக்கும்."

ரஞ்சிதம் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினாள்.

பலகையின் கீழ்ப்பக்கம் எட்டு மெமரி சிப்புகள் வரிசையாக இருந்தன. எட்டும் ஒட்டப்பட்டவை. கூடுதல் அட்டையை முதலில் பிடுங்கி ஓரமாக வைத்தாள். ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். சாரதா கேசட்டை ஏற்றி விளையாட ஆரம்பித்தாள். அவள் ஆடுகிற வேகத்தைப் பார்த்து ரஞ்சிதம் பலகையை மறந்து கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராவது நிமிஷம் எழுத்துகள் கொட்டின.

"ஃபிரிஜ்ஜுல ஐஸ் வைக்கிற எடத்துல நாலு கரண்டி போடுங்கம்மா. ஈரம் இல்லாம துணியில சுத்திப் போடுங்க."

கரண்டிகள் குளிர்ந்து வந்தன. சூடு ஆறுவதற்குள் வேலை நடக்க வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்து, முதல் சிப்பின் தலையில் கரண்டியின் முதுகை வைத்து அழுத்திக் குளிர வைத்து, மறுபடி போட்டாள். எழுத்துகள்தான் வந்தன. அணைத்து, இரண்டாவது சிப்பு. எழுத்துகள். நடுவில் ஒரு தடவை கேசட் ஏற்றி, மறுபடி சூடேற்றித் தொடர வேண்டியிருந்தது. ஐந்தாவது சிப்பில் கரண்டி வைத்துப் போட்டதும் 'பீப்' என்று ஒரு சத்தம். திரை சுத்தமாக வந்தது.

"இவன்தான்" என்றாள் ரஞ்சிதம். "குளுந்து இருந்தா ஓடுவான். சூடானா உள்ள எங்கயோ கனெக்சன் விட்டுருது. இவனத்தான் உங்க தம்பி அடுப்புல வச்சிருக்காரு."

சாரதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

உறுதி செய்ய ஒரு நல்ல சிப்பு வேண்டும். கூடுதல் அட்டையில் அதே ரகம் எட்டு இருந்தன, சாக்கெட்டில். தேவையில்லாமல் வாங்கியது இதற்காவது உதவியது. ஒன்றைக் கழற்றி, கால்களைச் சற்று உள்ளே வளைத்து, ஐந்தாவது சிப்பின் முதுகின்மேல் ஏற்றி, காலோடு கால் படும்படி விரலால் அழுத்திப் பிடித்தாள்.

"போடுங்க."

ஓடியது. பன்னிரண்டு நிமிஷம் தாண்டியும் ஓடியது. விரலை லேசாகத் தளர்த்தினால் எழுத்துகள் வந்துவிடும் என்பதால் ரஞ்சிதம் குனிந்தபடியே நின்றாள். சாரதா சுட்டுக்கொண்டே இருந்தாள்.

"போதும்மா, தெரிஞ்சிருச்சு. கைய எடுக்கப் போறேன்."

"எடுக்காத ரஞ்சிதம், எடுக்காத. இந்த ரவுண்டு மட்டும். இதுவரைக்கும் இங்க வந்ததே இல்ல."

விரல் நுனி சுட்டது, முதுகு வலித்தது. கிராணியின் மனைவி விளையாடுவதற்காகத் தான் முட்டுக்கட்டை மாதிரி நிற்கிறோம் என்று நினைத்தபோது ரஞ்சிதத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "இடது பக்கம், இடது பக்கம்" என்று அவளே கத்தினாள்.

அன்றே வீட்டுக்கு ஓடி சோல்டரிங் கம்பியை எடுத்து வந்தாள். கெட்ட சிப்பைக் கழற்றினால் அந்த மட்டமான பலகையில் செம்புக் கோடுகளும் சேர்ந்து உரிந்துவிடும். அதனால் அதை அங்கேயே விட்டு, நல்லதை அதன் முதுகில் ஏற்றிப் பதினாறு கால்களையும் ஒவ்வொன்றாகப் பற்றவைத்தாள். ஜன்னலைச் சாத்திவிட்டு இரண்டு மணி நேரம் ஓடவிட்டார்கள். நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பரிமாறும் வேலைக்கு ரஞ்சிதத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். துரை ராமையா, டிரெசர், பள்ளிக்கூட வாத்தியார் என்று ஹால் நிறைந்திருந்தது. கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடியது. ராதாகிருஷ்ணன் பேனாக்களைத் தொட்டுக்கொண்டு விளக்கினான்.

"பனி ஈரந்தான் சார் பிரச்சன. ஹீட் டிரீட்மெண்ட் குடுத்தேன். கொஞ்ச நாள் விட்டதும் எஃபெக்ட் தெரிஞ்சிருச்சு."

கிராணி பெருமையாகத் தலையாட்டினார். டிரெசரும் ஆட்டினார். வாத்தியார் "சயின்ஸ், சயின்ஸ்" என்றார். தட்டில் வடை எடுத்துக்கொண்டு வந்த ரஞ்சிதத்துக்கு அந்தத் தட்டோடு அவன் தலையில் ஒரு போடு போடலாம் போலிருந்தது.

துரைக்கு உள்ளே பார்க்க ஆசை. மூடியைத் திறக்கச் சொன்னார். குனிந்து பார்த்துவிட்டு, "இது என்னங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு?" என்றார்.

ராதாகிருஷ்ணன் எட்டிப் பார்த்தான். இதை அவன் இதுவரை பார்த்ததே இல்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது. "அது... டபுள் மெமரி சார். புது மாடல்ல வர்றது."

"மத்த ஏழும் சிங்கிளா இருக்கே?"

"அது வந்து... கூலிங்குக்கு."

கிராணி மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் பலகையைப் பார்த்தான். சமையலறை வாசலில் நின்ற சாரதாவின் குரல் அப்போதுதான் கேட்டது.

"அத வச்சது ரஞ்சிதம். கெட்டுப்போன சிப்பக் கண்டுபிடிச்சு, மேல வேற ஒண்ணு போட்டுச்சு. செவ்வாக்கெழம. ஈரமெல்லாம் ஒண்ணும் இல்ல."

ராதாகிருஷ்ணனின் காது சிவந்தது. "நானும் அதத்தான்கா சொல்ல வந்தேன்" என்றான். அதை யாரும் சட்டை செய்யவில்லை.

"பரவால்லயே" என்றார் கிராணி, நாய் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்தவர் போல.

துரை ரஞ்சிதத்தைப் பார்த்து, "இவ்வளவு தெரிஞ்ச பிள்ளைய ஏன் தூள் கூட்ட வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"படிப்பு இல்லீங்க துரை" என்றார் கிராணி.

"ம், பாக்கலாம்" என்றார் துரை. அடுத்த நிமிஷம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளையாட உட்கார்ந்துவிட்டார். தான் பெரிய ஆட்டக்காரன் என்ற நினைப்பு. மூன்றாவது சுற்றில் விழுந்தார். கிராணி மரியாதைக்காக இரண்டாவது சுற்றிலேயே விழுந்தார். அது மரியாதை இல்லை, அவரால் அவ்வளவுதான் முடியும் என்பது ரஞ்சிதத்துக்குத் தெரியும். துரை விளையாட்டாக, "நீங்களும் ஒரு கை பாருங்கம்மா" என்று சாரதாவை அழைத்தார்.

சாரதா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்பதாவது சுற்று வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அதற்குள் வடை ஆறிப்போயிருந்தது. டிரெசர் கைதட்ட ஆரம்பித்து, கிராணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

துரை சொன்ன 'பாக்கலாம்' அதோடு சரி. மறுநாளும் அடுத்த மாதமும் ரஞ்சிதம் தூள்தான் கூட்டினாள். துரை அவளைத் தாண்டிப் போகும்போது ஒரு நாள் "கம்ப்யூட்டர் பொண்ணுதானே?" என்று சிரித்தார். கிராணி, மனைவியிடம் தோற்ற சாமானைத் தொடவே இல்லை. கண்ணுக்குக் கெடுதி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ராதாகிருஷ்ணன் தீபாவளிக்குக்கூட மலை ஏறி வரவில்லை.

பிற்பகல் ஷிப்ட் வாரங்களில் ரஞ்சிதம் காலையில் கிராணி வீட்டுக்குப் போனாள். இப்போது இஸ்திரிப் பெட்டி என்று சாக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாரதா விளையாடுவாள், ரஞ்சிதம் பக்கத்தில் உட்கார்ந்து ஈப்போக்காரனையும் துரையையும் கிராணியையும் ஒவ்வொருவராக இழுத்துப் போட்டு ஏசுவாள். சாரதா புருஷன் பெயர் வரும்போது மட்டும் "சரி, போதும்" என்பாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஒரு நாள் சாரதா எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள். "பேசிக்கிட்டே இருக்கியே. நீ வெளையாடு."

ரஞ்சிதத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் நூற்றுக்கணக்கான பலகைகளைத் தொட்டிருக்கிறாள், ஒன்றில்கூட விளையாடியதில்லை. இதென்ன பெரிய வேலை, துரையே ஆடுகிறான் என்று உட்கார்ந்தாள். பாறை விழுந்தது. எந்த விசை எதற்கென்று தேடுவதற்குள் இன்னொன்று விழுந்தது. முதல் சுற்று முடிவதற்குள் ஆட்டத்துக்குக் கிடைக்கிற மூன்று ராக்கெட்டும் போய்விட்டன. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சாரதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவ்வளவு பெரிய சிரிப்பை அவள் யாரிடமும் காட்டியதில்லை. "அய்யோ, ரஞ்சிதம்! இவ்வளவுதானா நீ? எங்க வீட்டுக்காரரே தேவல போலருக்கே!"

ரஞ்சிதத்தின் முகம் சுண்டிவிட்டது. அவளைப் பார்த்து இப்படிச் சிரிக்க இந்தத் தோட்டத்தில் யாருக்கும் யோக்கியதை கிடையாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் எதிரே நிற்பவள் ஒன்பதாவது சுற்று வரைக்கும் போனவள்.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சிரிச்சது போதும். எது சுடுறது, எது நகர்றதுன்னு சொல்லிக் குடுங்க. மறுபடி போடுங்க."